கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

டப்பிங் தியேட்டர்களில் ஒலிப்பதிவு உதவியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், சினிமாவிலும் சின்னத்திரையிலும் குணச்சித்திர வேடம் ஏற்றவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.

டெல்லி கணேஷ் எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் மறைந்தபோது எழுதியவர்கள் எல்லோரும் '400 படங்களுக்கு மேல் நடித்தவர்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய தனித்தன்மை என்று எதைச் சொல்வீர்கள்?
– தூத்துக்குடி வாசகர்

அவருடைய காதைச் சொல்வேன். ஒலிப்பதிவு அறையில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஊருக்கு ஊர் மாறும் தமிழைக் காதால் பிடித்துத் தொண்டைக்குக் கொண்டுவருவதில் அவருக்கு இணையாக மிகச் சிலரே இருந்தார்கள்.

1944-இல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப்படையில் வேலை. டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவின் மேடையேறினார். பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது திரைக்கு வந்தார். கணேசன் என்ற பெயரை டெல்லி கணேஷ் ஆக்கியவரும் பாலசந்தர்தான். இவையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள்.

இனி நான் சொல்வதைச் செய்து பாருங்கள். 1979-இல் வந்த 'பசி' படத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குப்பை பொறுக்கும் பெண்ணாக ஷோபா. அவருக்கு அப்பாவாக, ரிக்‌ஷா ஓட்டும் ஏழையாக டெல்லி கணேஷ். அப்போது அவருக்கு வயது 35. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்து, வடக்கே ராணுவக் குடியிருப்பில் வாழ்ந்துவிட்டு வந்த ஒருவர், சென்னைக் குடிசைப் பகுதியின் தமிழைப் பேசுகிறார். கேலியாகவோ, ஒப்பிப்பதுபோலவோ ஓரிடத்திலும் கேட்காது. அந்தப் பேச்சுக்குள் நாள் முழுக்க மிதித்தவனின் அலுப்பு இருக்கும். தமிழக அரசு அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

அடுத்து, 1990-இன் 'மைக்கேல் மதன காமராஜன்'. பாலக்காடு மணி ஐயர். அதே தொண்டைதான், ஆனால் சொற்களை இழுத்து, வாக்கியத்தின் கடைசியில் ஒரு தூக்குத் தூக்கி நிறுத்தும் பாலக்காட்டு ராகம் வந்துவிட்டது. இம்மாதிரி வேடத்தில் சிரிப்புக்காக இழுப்பைக் கூட்டிப் பேசும் ஆசை எந்த நடிகருக்கும் வரும். அவர் கூட்டவில்லை. அந்தச் சமையல்காரரின் கவலையைத்தான் பேசுகிறார், சிரிக்கும் வேலையை நமக்கு விட்டுவிடுகிறார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் 'அபூர்வ சகோதரர்க'ளில் கொலைகார வில்லன்களில் ஒருவராக வந்து நம்மை வெறுக்க வைத்தார். அதற்கும் முன்னால் 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கத்தால் பாடகரின் கோபத்துக்கு ஆளாகும் மிருதங்கக்காரர். இவர்களை வரிசையாக உட்காரவைத்தால் ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு வராது. 400 என்ற எண்ணிக்கையைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

டெல்லி கணேஷும் டெல்லி குமாரும் அண்ணன் தம்பியா?
– அரக்கோணம் வாசகி

இல்லை. பெயருக்கு முன்னால் ஒரே ஊர் இருப்பதால் வரும் குழப்பம் இது. 'மெட்டி ஒலி' தொடரில் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக வந்து வீட்டுக்கு வீடு கண்ணீர் வரவழைத்தவர் டெல்லி குமார்.

டெல்லி கணேஷ் நடித்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும்.
– கும்பகோணம் வாசகி

இரண்டு சொல்லப் போகிறேன் அம்மா. இரண்டும் கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் நடப்பவை, அதனால் ஒன்றாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த சாம்பார். 'மைக்கேல் மதன காமராஜ'னில் கல்யாண விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. கிரேசி மோகனின் வசனம், சிங்கீதம் சீனிவாச ராவின் இயக்கம், காமேஸ்வரனாக கமல்ஹாசன். எல்லோரும் வேகத்தில் ஓடுகிற காட்சி அது. அதில் மணி ஐயரின் முகத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். சைவப் பந்தியில் மீன் என்றால் சமையல்காரனுக்கு அதோடு பிழைப்பு போயிற்று. அந்தப் பயத்தை அவர் துளியும் குறைக்காமல் வைத்திருக்கிறார். மானம் போகப்போகும் ஒரு மனிதன் நடுவில் நிற்பதால்தான் சுற்றிலும் நடக்கும் கூத்து அவ்வளவு சிரிப்பாக இருக்கிறது.

இரண்டாவது, 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நவரசா' தொகுப்பில் 'பாயசம்'. தி. ஜானகிராமனின் சிறுகதையை வசந்த் எஸ். சாய் எடுத்திருக்கிறார். 1965-இல் உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் கல்யாணம். அண்ணன் மகன் செல்வாக்கோடு இருக்கிறான், ஊரே அவனைக் கொண்டாடுகிறது. சித்தப்பாவின் வீட்டிலோ கணவனை இழந்த மகள். மனசு புழுங்குகிறது. கடைசியில் அந்தக் கிழவர் சமையல்கட்டுக்குப் போய் ஊருக்கெல்லாம் பரிமாற வேண்டிய பாயசத்தைத் தவலையோடு கவிழ்த்துவிட்டு, எலி மீது பழியைப் போடுகிறார்.

அருவருப்பு என்ற ரசத்துக்காக எடுக்கப்பட்ட படம் இது. வேறொருவர் நடித்திருந்தால் நாம் அந்தக் கிழவரைக் காறி உமிழ்ந்துவிட்டு எழுந்திருப்போம். டெல்லி கணேஷ் பொறாமையை விழியை உருட்டிக் காட்டவில்லை, மூச்சில் வைத்திருக்கிறார். மற்றவர்கள் சந்தோஷமாகப் பேசும்போது அவர் மூச்சு கனப்பதை ஹெட்போனில் கேட்டால் தெளிவாகத் தெரியும். முதல் சமையல்கட்டில் பந்தியைக் காப்பாற்றத் தவித்த மனிதர், 31 ஆண்டு கழித்து இன்னொரு சமையல்கட்டில் பந்தியைக் கெடுக்கிறார். இரண்டு பேரையும் நம்பச் செய்திருக்கிறார் ஒரே நடிகர். கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தச் சித்தப்பாவை ஏதாவதொரு கல்யாணத்தில் பார்த்த நினைவுகூட வரலாம்.

படப்பிடிப்பில்தான் பேசி நடித்துவிடுகிறார்களே, பிறகு எதற்கு டப்பிங்? அங்கே குணச்சித்திர நடிகர்களுக்கு என்ன வேலை?
– சேலம் வாசகர்

தமிழில் நீண்ட காலமாகப் படப்பிடிப்பில் பேசுவது வாயசைவுக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. கேமரா ஓடும் சத்தம், விளக்குகளின் இரைச்சல், சுற்றி நிற்கும் கூட்டம், பின்னாலிருந்து வசனம் சொல்லிக்கொடுக்கும் உதவி இயக்குநரின் குரல் எல்லாம் அதில் கலந்திருக்கும். நீங்கள் தியேட்டரில் கேட்ட குரல், பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து இருட்டறையில் பதிவானது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 'லூப்' முறை. ஒரு காட்சியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, புரொஜெக்டரில் மாட்டுவார்கள். ஒரே வரி திரும்பத் திரும்பத் திரையில் ஓடும். நடிகர் மைக்குக்கு முன்னால் நின்று தன் உதட்டைத் தானே பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். பெண்கள் வளையலைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வசனத் தாளைக் கையில் பிடித்தால் சரசரக்கும், அதனால் ஸ்டாண்டில்தான் வைக்க வேண்டும். கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களை அசையாமல் நிற்கச் சொல்லி நாங்கள் படுத்திய பாடு உண்டு.

அங்கேதான் குணச்சித்திர நடிகர்களின் அருமை எங்களுக்குத் தெரியும். வசனத்தை உதட்டோடு பொருத்திவிடுவது பழக்கத்தில் வந்துவிடும். பேசாத இடங்கள்தான் கடினம். கதாநாயகன் நீளமாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பா நடுநடுவே 'ம்' என்கிறார். தாளில் அந்த 'ம்' எழுதியிருக்காது. சாதாரண நடிகர் எல்லா இடத்திலும் ஒரே 'ம்' போட்டுவிட்டு அடுத்த லூப்புக்குப் போய்விடுவார். நாடகத்தில் ஊறியவர்கள் அப்படி விடமாட்டார்கள். முதல் 'ம்' காது கொடுத்ததற்கு, அடுத்தது சந்தேகத்துக்கு, மூன்றாவது ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒப்புக்கொண்டதற்கு. மூத்த நடிகர் ஒருவர், வசனமெல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, 'நாற்காலியில் உட்காரும்போது ஒரு முனகல் வர வேண்டும், அதை விட்டுவிட்டோம்' என்று திரும்பி வந்தார். திரையில் அது அரை விநாடிகூட இருக்காது. அந்த முனகல் சேர்ந்ததும் திரையிலிருந்த அப்பாவுக்கு மூட்டுவலி வந்துவிட்டது.

பிறருக்குக் குரல் கொடுத்தும் பலர் வாழ்ந்திருக்கிறார்கள். 1981-இல் வந்த '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் பேசியவர் டெல்லி கணேஷ். மனைவியை ஏமாற்றிக் கொடுமைப்படுத்தும் அந்தக் கணவனின் கொஞ்சலும் மிரட்டலும் அவருடைய தொண்டையிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள்.

கதாநாயகியாக இருந்தவர்கள் திடீரென்று அம்மா ஆகிவிடுகிறார்களே, இது நியாயமா?
– ஈரோடு வாசகி

நியாயமே இல்லை. ஓர் உதாரணம் போதும். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்த் அறிமுகமானபோது, ஸ்ரீவித்யாவின் பிரிந்துபோன கணவராக வந்தார். 1991-இல் 'தளபதி'யில் அதே ரஜினிக்கு ஸ்ரீவித்யா அம்மா. வயதில் ரஜினியைவிட ஸ்ரீவித்யா இளையவர். பதினாறு ஆண்டுகளில் அவர் கதாநாயகனாகவே இருக்க, இவர் ஒரு தலைமுறை மேலே ஏற்றப்பட்டுவிட்டார்.

ஆனால் அந்த அம்மாவை ஸ்ரீவித்யா எப்படிச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையை ரயிலில் விட்டுவிட்ட பெண் பல ஆண்டுகளாக அதை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறாள். ரயில் சத்தம் கேட்டதும் அந்தக் கண்களில் வரும் கலக்கத்துக்கு எந்த வசனமும் துணையில்லை. எழுதியவர்கள் கொடுத்தது குறைவான இடம், அவர் நிரப்பியது அதிகம். மனோரமா, காந்திமதி, எஸ்.என். லட்சுமி, வடிவுக்கரசி என்று எல்லோர் கதையும் இதுதான். இவர்களுக்கென்று எழுதப்பட்ட கதைகள் மிகக் குறைவு. மனோரமா ஆயிரம் படங்களைத் தாண்டினார் என்று பெருமைப்படும் நாம், அவரை மையமாக வைத்து எத்தனை படம் எடுத்தோம் என்று கேட்டுக்கொள்வதில்லை. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

'வெண்ணிற ஆடை' மூர்த்தி, 'நிழல்கள்' ரவி, 'தேங்காய்' சீனிவாசன்... குணச்சித்திர நடிகர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை அடைமொழி?
– விழுப்புரம் வாசகர்

மூர்த்தி, ரவி, மோகன் என்று ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள், படக் கம்பெனி நிர்வாகி யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டுமே. மூர்த்திக்கு 1965 படத்தின் பெயர், ரவிக்கு 1980 படத்தின் பெயர், மோகனுக்குப் 'பூவிலங்கு'. சீனிவாசனுக்கும் காத்தாடி ராமமூர்த்திக்கும் மேடையில் போட்ட வேடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சினிமாவில் நடித்தவர்கள் தொலைக்காட்சித் தொடருக்கு வந்தால் 'வாய்ப்பு இல்லை போலிருக்கிறது' என்கிறார்கள். சின்னத்திரை அவ்வளவு மட்டமா?
– திருச்சி வாசகி

அப்படிச் சொல்கிறவர்களை ஒரு நாள் தொடர் படப்பிடிப்பில் காலை முதல் இரவு வரை உட்கார வைக்க வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காட்சிகள் எடுத்தால் போதும். தொடரில் அன்றாடம் ஒளிபரப்பாக வேண்டும் என்பதால் ஒரே நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டும். வசனத் தாள் பல நேரம் அன்று காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரமில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார். அதைக் 'பிராம்ப்டிங்' என்போம். நடிகர் ஒரு வரியை உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி காதில் விழும். இந்த வரிக்கு அழுதுகொண்டே அந்த வரியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கண் அந்தக் குரல் வந்த திசைக்குப் போய்விடக் கூடாது. புதியவர்களின் கண்ணைக் கவனித்தால் சட்டென்று ஓரம் போய்த் திரும்புவது தெரியும். மூத்தவர்களிடம் அதைப் பார்க்கவே முடியாது.

இந்த வேகத்தில் தேறியவர்கள் சினிமாவுக்குப் போனால் எப்படி மின்னுவார்கள் என்பதற்கு எம்.எஸ். பாஸ்கர் சாட்சி. டப்பிங்கில் எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவர், 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபியாக வீடுகளுக்குள் நுழைந்தவர். 'பார்க்கிங்' படத்தில் வரும் அந்த வறட்டுப் பிடிவாதக்காரரைப் பார்த்தீர்கள் அல்லவா? பட்டாபியின் சாயல் ஒரு மயிரிழைகூட அதில் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. தொடரில் மாதாமாதம் வேலை இருக்கும். சினிமாவில் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த பல நடிகர்களின் வீட்டில், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது சின்னத்திரைதான். அதை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

வசனமே இல்லாமல் ஒரு நடிகர் காட்சியை வெல்ல முடியுமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார், டி.எஸ். பாலையா கேட்கிறார். 1964-இல் வந்தது, இன்றும் சிரிக்கிறோம். நாகேஷை எல்லோரும் புகழ்கிறோம், அது தகும். ஒருமுறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். மகன் எடுக்கப்போகும் படத்தின் கதைதானே என்ற அலட்சியத்தோடு உட்காருகிறார், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு சுருங்குகிறது, விழி நிலைகுத்துகிறது. அவர் பயந்தால்தான் கதையில் பேய் இருக்கும். நாகேஷின் கதைக்கு உயிர் கொடுத்தவர் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அதே நாகேஷ் 1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார். தூக்குகிறார்கள், சாய்க்கிறார்கள், உட்காரவைக்கிறார்கள். நம் உடம்பு விழப்போகும்போது தானாகவே தாங்கிக்கொள்ளப் பார்க்கும். அதை அடக்கி, விழுகிறபடி விழவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க உடம்பைத் துள்ளவைத்துப் பேர் வாங்கியவர் அதை முழுக்க அடக்கிக்காட்டினார்.

எனக்கு வயது 26. வங்கியில் வேலை. கதாநாயகன் ஆகும் ஆசையோ தோற்றமோ இல்லை. குணச்சித்திர நடிகராக வர விரும்புகிறேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரலாமா?
– திருநெல்வேலி வாசகர்

தம்பி, வேலையை விட வேண்டாம். இது உங்களைத் தடுப்பதற்காகச் சொல்வது அல்ல. குணச்சித்திர நடிகருக்கு அவசரமே கிடையாது. கதாநாயகனுக்கு இருபத்தைந்து வயது போனால் திரும்ப வராது. உங்களுக்கோ நாற்பதிலும் அறுபதிலும் வேடம் இருக்கிறது. டெல்லி கணேஷ் முதல் படத்தில் நடித்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன் விமானப்படைச் சம்பளத்தில் இருந்துகொண்டுதான் நாடகம் போட்டார். வங்கிக் கவுன்டரில் நீங்கள் தினமும் பார்க்கும் மனிதர்களே உங்களுக்குப் பாடம். நகைக் கடனுக்கு வருகிறவர் பையைத் திறக்கும் முன் எப்படிச் சுற்றிப் பார்க்கிறார், ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவர் எண்ணிய பணத்தை ஏன் மறுபடி எண்ணுகிறார் என்று கவனித்து வையுங்கள்.

மாலையில் உள்ளூர் நாடகக் குழு எதிலாவது சேருங்கள். சிறிய வேடமாக இருந்தாலும் சரி, மேடை ஏறுவதுதான் முக்கியம். பயிற்சி வேண்டுமென்றால் நவீன நாடகக் குழுக்களைப் பாருங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டு நடிப்பைப் பார்த்துக் கற்றவர். பிறகு குறும்படம், தொடர், படங்களில் சிறு சிறு வேடம் என்று படிப்படியாகத்தான் ஏறினார்.

தினமும் ஒரு பக்கமாவது சத்தம் போட்டு வாசியுங்கள். உங்கள் நெல்லைத் தமிழை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதை வேண்டும்போது கழற்றி வைக்கவும் தெரிய வேண்டும். கோவைத் தமிழ், மதுரைத் தமிழ், நாஞ்சில் தமிழ் பேசும் நண்பர்களோடு பழகி, அவர்கள் வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். சொற்களைக் கற்றால் போதாது, நிறுத்தும் இடம் தெரிந்தால்தான் வட்டார வழக்கு வாயில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் வாய்ப்பு, உறுப்பினர் அட்டை, அறிமுகம் என்று சொல்லும் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நடிப்பவருக்குத்தான் பணம் தருவார்கள். நடிப்பவரிடம் பணம் கேட்டால் அங்கே படம் எடுக்கப்போவதில்லை. ஊரிலிருந்து நகையை விற்றுக்கொண்டு வந்து, ஒரு நாள்கூடக் கேமராவைப் பார்க்காமல் திரும்பிப்போன பையன்களை வடபழனித் தேநீர்க் கடைகளில் பார்த்திருக்கிறேன். அவர்களில் நல்ல குரல் உள்ளவர்களும் இருந்தார்கள். அதுதான் மனதை வருத்துகிறது.

குணச்சித்திர நடிகர்களுக்குத் தேசிய விருது தரும் வழக்கம் எப்போது வந்தது? தமிழர்கள் யார் யார் வாங்கியிருக்கிறார்கள்?
– புதுச்சேரி வாசகர்

துணை நடிகர், துணை நடிகை என்ற பிரிவுகள் 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. பாலையா 1972-இலும் எஸ்.வி. ரங்காராவ் 1974-இலும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த காலத்தில் அந்தப் பிரிவே இல்லை. பிறகு 'புதிய பாதை'க்கு மனோரமா, 'நம்மவர்' படத்துக்கு நாகேஷ், 'இருவர்' படத்துக்குப் பிரகாஷ்ராஜ், 'மைனா'வுக்குத் தம்பி ராமையா, 'விசாரணை'க்குச் சமுத்திரக்கனி, 2025-இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் 'பார்க்கிங்' படத்துக்கு எம்.எஸ். பாஸ்கர். இன்னும் சிலர் உண்டு. நாகேஷுக்குக் கிடைத்தபோது அவருக்கு அறுபது வயதை ஒட்டி. தருமியாக அவர் நடித்த 'திருவிளையாடல்' வந்தது 1965-இல். டெல்லி கணேஷுக்குக் கலைமாமணி கிடைத்தது, தேசிய விருது கிடைக்கவில்லை.

விருதைவிட எனக்கு உறுத்துவது வேறு. தொலைக்காட்சியில் பழைய படம் போடும்போது பெயர்ப் பட்டியலை வெட்டிவிடுகிறார்கள். இணையத்தில் பார்த்தால், பெயர் ஓடத் தொடங்கியதும் அடுத்த படத்துக்குத் தாவச் சொல்லிப் பொத்தான் வருகிறது. கதாநாயகன் பெயர் சுவரொட்டியில் இருக்கிறது. அஞ்சல்காரராக, வக்கீலாக, பக்கத்து வீட்டுப் பாட்டியாக வந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒன்றுதான் இடம். உங்கள் வீட்டில் படம் முடிந்ததும் அந்த இரண்டு நிமிடம் ஓடட்டும். முகம் தெரிந்த ஒருவரின் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர் என்கிறார்களே, உண்மையா?
– மயிலாடுதுறை வாசகர்

உண்மை. 1947-இல் இந்தியா விடுதலை அடைந்த செய்தியை டெல்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்தவர் அவர். பிறகு சென்னையில் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார், படங்களில் தாத்தாவாகவும் அப்பாவாகவும் நடித்தார், 2008-இல் மறைந்தார். 'வருஷம் 16' படத்தில் கூட்டுக்குடும்பத்தின் பெரியவராக அவர் பேசுவதைக் கேளுங்கள். செய்தி வாசித்தவரின் தெளிவு ஒவ்வொரு எழுத்திலும் இருக்கிறது, ஆனால் செய்தி வாசிப்பதுபோல் ஒரு வரியும் இல்லை. பேரன்மீது உள்ள பாசத்தையும் கோபத்தையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவரும் இடங்கள் அதில் உண்டு. நேரம் கிடைக்கும்போது ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்துப் பாருங்கள்.